தரையில் கால் படாத ரசிகர்

தொண்ணூறு அடி ரோடு ஜூனியர் ஹாக்கி அணிக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகர்தான் உண்டு. பெற்றோரைச் சேர்க்கக் கூடாது. அவர்கள் மகனைப் பார்க்க வருகிறவர்கள்; கோச் மகனை வெளியே உட்கார வைத்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறவர்கள். அணியின் செயலாளர் இசக்கிதுரையையும் சேர்க்க முடியாது. பதவியில் இருப்பவர் கை தட்டுவது ரசனை ஆகாது, நிர்வாகம். மிச்சம் இருப்பவர் கரீம் பாட்சா. வயது ஐம்பத்திரண்டு, பூர்வீகம் கடையநல்லூர், பம்பாய் தாராவியில் தோல் பைப் பட்டறை. அணியில் அவருக்குப் பிள்ளையும் இல்லை, மருமகனும் இல்லை. "உங்க பையன் எதுல ஆடுறான்?" என்று யாராவது கேட்டால், "பதினொண்ணுலயும்" என்பார்.

நான்கு வருஷத்துக்கு முன்பு அணிக்காக மட்டைப் பைகள் தைத்து, கொடுத்துவிட்டு வரலாம் என்று செம்பூர் மைதானத்துக்குப் போனார். ஐந்து நிமிஷம் நின்று பார்ப்போம் என்று நின்றவர், நான்கு வருஷமாக நிற்கிறார். ஆட்டத்தின் விதிகள் அவருடைய ரசனைக்கு ஒருநாளும் இடைஞ்சல் செய்ததில்லை. எதிரணி கோல் போட்டால் உடனே "ஆஃப்சைடு!" என்று கத்துவார். ஹாக்கியில் ஆஃப்சைடு என்ற விதியையே எடுத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. நடுவர் ஒருவர் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது, "யாரக் கேட்டு எடுத்தாங்க?" என்று கேட்டார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிப் போனார்.

ஆனால் கத்துவது அவருக்கு இரண்டாம்பட்சம். முதல் ஆயுதம் விசில். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடக்கி வைத்து அவர் அடிக்கும் விசில், மைதானத்துக்காகக் கற்றுக்கொண்டது இல்லை, பட்டறையில் விளைந்தது. பன்னிரண்டு தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும் அறையில் மனிதக் குரலுக்கு வேலை கிடையாது. ஒருமுறை மெஷினில் தைக்கிற காரிகர் ஒருவரின் விரலில் ஊசி இறங்கியது. பக்கத்து மெஷின்காரர் போட்ட கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. அன்றைக்கே பாட்சா சட்டம் போட்டார்: முதலாளி விசில் அடித்தால் எல்லாரும் கையை நிறுத்த வேண்டும், மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும், அடுத்த விசில் வரும்வரை அசையக் கூடாது.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சட்டம் பட்டறை வாசலைத் தாண்டிச் சந்துக்குள் இறங்கிவிட்டது. பாட்சா ஒரு விசில் கொடுத்தால் காரிகர்கள் மட்டுமா நிற்கிறார்கள்? குழாயடியில் குடம் தூக்குகிறவள் இடுப்பளவில் நிறுத்துவாள். டெம்போக்காரர் பிரேக்கை மிதிப்பார். மாடி வீடுகளில் வீட்டுப்பாடம் எழுதுகிற பேனா பாதி எழுத்தில் நிற்கும். அந்த மரியாதை போக்குவரத்துப் போலீசுக்குக் கிடைத்ததில்லை. அணியின் பதினொரு பேரில் ஆறு பேர் அதே சந்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கோல் கீப்பர் சைஃபின் வீடு பட்டறைக்கு நேர் மேலே. தொட்டிலில் கிடந்தபோதே அந்த விசிலுக்கு அழுகையை நிறுத்திய குழந்தை என்று அவன் அம்மா பெருமையாகச் சொல்வாள்.

இப்படிப்பட்ட ரசிகரைத்தான் அணி நாடு கடத்த முடிவு செய்தது.

முடிவு எடுத்தவர் கோச் பிரம்மநாயகம். ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், தீவிரமான பகுத்தறிவாளர். ராகு காலம் பார்த்து மைதானத்துக்கு வந்த ஒரு தகப்பனாரைத் திருப்பி அனுப்பியவர். ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆதாரம் அவருடைய நீல நோட்டில் இருந்தது. ஆட்ட நாள், எதிரணி, கோல் கணக்கு, வானிலை, இவற்றுக்குப் பக்கத்தில் 'பாட்சா' என்று ஒரு கட்டம். வந்தால் டிக், வராவிட்டால் பெருக்கல் குறி. அந்த சீசனின் லீக் ஆட்டங்கள் பதினொன்று. பாட்சா வந்தவை ஐந்து; ஐந்திலும் தோல்வி. பட்டறை வேலை அதிகமாகி வர முடியாமல் போனவை ஆறு. ஐந்தில் வெற்றி, ஒன்று டிரா. அந்த ஆறின் புண்ணியத்தில் அணி முதல்முறையாக நாக்-அவுட் சுற்றுக்குள் நுழைந்திருந்தது.

வியாழக்கிழமை கோச்சும் செயலாளரும் நீல நோட்டோடு பட்டறைக்கு வந்தார்கள்.

"பாட்சா, நீரு தப்பா நினைக்கப்படாது" என்று தொடங்கினார் பிரம்மநாயகம்.

"தப்பா நினைக்கிற விஷயமா இருந்தா நினைக்கத்தான் செய்வேன். சொல்லும்."

"நீரு பனோத்தி."

பம்பாயில் இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. ஒருவர் கால் வைத்ததும் ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட் நிற்கும், பெய்யாத மழை பெய்யும், நின்றுகொண்டிருந்த விக்கெட் விழும் என்றால் அவர் பனோத்தி. பாட்சா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"என்னவே, ராகு காலம் பாத்தவன விரட்டுன ஆளு நீரு."

"இது மூடநம்பிக்கை இல்ல வே, டேட்டா" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார் கோச்.

இசக்கிதுரைக்கு நல்ல மனசு; ஆறுதல் சொல்லாமல் இருக்க மாட்டார். "பாய், ஒங்க மனசு தங்கம். காலுதான் சரியில்ல."

"ஞாயித்துக்கிழமை நெருள் டீம்காரன் கூட நாக்-அவுட். நீரு மைதானத்துல கால் வைக்கப்படாது" என்றார் கோச்.

"நான் கால் வைக்காமயே தோத்தா?"

பிரம்மநாயகம் நேர்மையானவர். யோசித்துத்தான் பதில் சொன்னார். "தோத்தா நீரு நிரபராதி. இந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, ஒமக்குச் சால்வை போத்துதேன். ஜெயிச்சுட்டோம்னா அம்புட்டுதான். பொறவு எந்த ஆட்டத்துக்கும் நீரு வரப்படாது. ஆயுசுக்கும்."

ஆக, ஒரு ரசிகருக்கு வரக்கூடிய சிக்கல்களிலேயே உயர்ந்த வகைச் சிக்கல் பாட்சாவுக்கு வாய்த்தது. அணி ஜெயித்தால் அவர் இனி மைதானத்தை மிதிக்க முடியாது. அணி தோற்றால் தாராளமாக மிதிக்கலாம், ஆனால் பார்ப்பதற்கு அந்த வருஷம் ஆட்டம் இருக்காது. மறுநாள் ஜும்மா தொழுகையில் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையை ஏந்தி வெகுநேரம் நின்றுவிட்டு, "உனக்கே தெரியும்" என்று பொறுப்பை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டார். மனைவி நஸீரா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வடாலாவுல ஜிப் வியாபாரியப் பாக்கணும்."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஜிப் வியாபாரி தூங்குவான்."

"எழுப்புவேன்."

"பெருநாளுக்கு எடுத்த சட்டையப் போட்டுக்கிட்டா எழுப்புவீங்க?"

பாட்சா சட்டையைக் குனிந்து பார்த்தார், அது எப்படி உடம்பில் வந்தது என்று தெரியாதவர்போல.

"பொய் சொல்ல வரலைன்னா சும்மாவே போங்க. நான் என்ன கோச்சா, நோட்டுல எழுதுறதுக்கு? வரும்போது புளி வாங்கிட்டு வாங்க" என்றாள் நஸீரா.

அவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை. கோச் சொன்ன தீர்ப்பை மூன்று நாளாக வக்கீல்போல் அலசியிருந்தார். மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பு. கண் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. செம்பூர் மைதானத்தை ஒட்டி மோனோ ரயில் போகிறது. தூண்களின் மேல், மூன்று மாடி உயரத்தில். அதில் உட்கார்ந்திருக்கிற மனிதனின் கால் எந்த மைதானத்திலும் இல்லை. சொல்லப்போனால் பூமியிலேயே இல்லை. பாட்சா செம்பூரில் சீட்டு வாங்கி ஏறினார்.

பெட்டியில் அவரைத் தவிர ஏழு பேர். வண்டி மைதானத்தைக் கடக்க இருபது விநாடி ஆகும். இந்தியாவில் ஒரு ரயில் மெதுவாகப் போவதற்காக வாழ்த்தப்பட்டது அன்றைக்குத்தான். மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்குவது, எதிர் வண்டியில் ஏறித் திரும்புவது, மறுபடி இருபது விநாடி. ஒரே குறை, கோல் கணக்குப் பலகை மோனோ ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதனால் அவர் கணக்கைப் பிரம்மநாயகத்தின் உடம்பிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

முதல் தடவை கோச் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றார். சைபருக்குச் சைபர். இரண்டாம் தடவை கை தலைக்குப் போயிருந்தது. நெருள் ஒரு கோல் போட்டுவிட்டது. மூன்றாம் தடவை இடைவேளை. இருபத்திரண்டு பையன்கள் தண்ணீர் குடிப்பதை இருபது விநாடி மூச்சுவிடாமல் பார்த்தார். நம் பையன்கள் குடித்த விதம் அவருக்குத் திருப்தியாக இருந்தது. நான்காம் தடவை இசக்கிதுரை சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு கோட்டோரமாக ஓடினார். ஒன்றுக்கு ஒன்று! பாட்சா இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டார்.

அதற்குள், அதே வண்டியில் அவரை மறுபடி பார்த்த பெட்டிக் காவலருக்கு அவர்மேல் ஒரு கண் விழுந்திருந்தது. "சாச்சா, ஜானா கஹாங் ஹை?" என்று கேட்டார். எங்கே போக வேண்டும் என்பது மோனோ ரயிலில் யாரிடமும் சுலபமாகக் கேட்கக்கூடிய கேள்விதான். பாட்சாவுக்குத்தான் அது சுலபமாக இல்லை. "கஹீங் நஹீ" என்றார். எங்கேயும் இல்லை. காவலர் அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட பயணிகளும் இருந்தால்தான் வண்டி ஓடும் என்று விட்டுவிட்டார்.

ஐந்தாம் தடவை வண்டி மைதானத்தை நெருங்கியபோது ஆட்டம் முடிந்திருந்தது, ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இருபத்துமூன்று மீட்டர் கோட்டில் ஒரு பையன் மட்டும் பந்தோடு நின்றான். எதிரே கோலில் சைஃப் மட்டும் நின்றான். ஷூட்-அவுட். சமநிலையில் முடிந்தால் இப்படித்தான்: பக்கத்துக்கு ஐந்து பேர், ஒவ்வொருவராகக் கோல் கீப்பரை மட்டும் எதிர்த்து வர வேண்டும், எட்டு விநாடிக்குள் பந்தை உள்ளே தள்ள வேண்டும். நேரம் முடிந்ததும் நடுவர் விசில் ஊதுவார்.

இருபது விநாடியில் பார்த்து முடிக்கிற காரியம் இல்லை அது. மைதானத்தை ஒட்டிய ஸ்டேஷனில் பாட்சா இறங்கிவிட்டார். பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்தார். கீழே முழு மைதானமும் விரித்து வைத்த தோல்போலத் தெரிந்தது. கால் இன்னும் தரையில் இல்லை. சட்டப்படி அவர் இன்னும் வடாலாவில்தான் இருந்தார்.

விரல் விட்டு எண்ணினார். நம் ஐந்து பேரில் மூன்று பேர் உள்ளே தள்ளினார்கள். நெருளின் நான்கு பேரில் இரண்டு பேர். பாக்கி ஒரே ஒரு பையன். சைஃப் இவனைத் தடுத்துவிட்டால் அணி அரையிறுதியில். பாட்சா ஆயுசுக்கும் வெளியே. அந்த நேரத்தில் அவருக்கு இரண்டாவது விஷயம் ஞாபகத்திலேயே இல்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். ரசிகன் என்பவன் தன் லாபம் பார்க்கத் தெரியாதவன்.

நெருள் பையன் வேகமாக வந்தான், வலப்பக்கம் வெட்டினான். சைஃப் பாய்ந்து விழுந்தான். பந்து அவன் கால் காப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆறு விநாடி ஆகியிருந்தது. இன்னும் இரண்டு விநாடி அப்படியே அழுத்திக் கிடந்தால் போதும்.

பாட்சாவின் விரல்கள் அவரைக் கேட்காமல் வாய்க்குப் போயின. சந்தோஷத்தில் அடித்த விசில். நாலு வருஷத்திலேயே மிகச் சிறந்த விசில்.

சைஃப் கையை நிறுத்தினான், காலை எடுத்தான், அசையாமல் கிடந்தான். கோட்டோரத்தில் துள்ளத் தயாராக நின்ற அந்தச் சந்துப் பையன்கள் ஐந்து பேரும் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்கள். நெருள் பையன் அந்தச் சந்தில் வளர்ந்தவன் இல்லை. பந்தைச் சாவகாசமாக வெளியே இழுத்து உள்ளே தட்டினான். அதற்குப் பிறகுதான் நடுவரின் விசில் வந்தது. மூன்றுக்கு மூன்று. அடுத்து ஆளுக்கு ஒரு வாய்ப்பு. நம் பையன் வெளியே அடித்தான், அவர்கள் பையன் உள்ளே அடித்தான். தொண்ணூறு அடி ரோடு ஜூனியர் அணி போட்டியிலிருந்து வெளியேறியது.

சைஃப் எழுந்து நிற்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, நேராகப் பிளாட்பாரத்தின் கோடியைப் பார்த்தான். பாட்சா ஒரு தூணுக்குப் பின்னால் போனார். பெருநாள் சட்டை தூணைவிடக் கொஞ்சம் அகலம்.

அங்கே நின்றபடி ஐந்து ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நம் பையன் பந்தோடு பறந்த நேரம் ஞாபகம் வந்தது. தான் விசில் அடித்தது ஞாபகம் வந்தது. பிறகு அந்தப் பையன் ஏனோ ஒரு கணம் தயங்கி நின்றதும், எதிரணிக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தன. 'இவனுங்களுக்குக் கடைசி நேரத்துல கால் ஓட மாட்டேங்குது' என்று அப்போதெல்லாம் அவரே கோச்சிடம் புகார் சொல்லியிருக்கிறார். ஒரு ரசிகர் தன் அணியை இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு அன்போடு, ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்கடித்த சரித்திரம் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு கோச்சும் செயலாளரும் சால்வையோடு வந்தார்கள்.

"பாட்சா, மன்னிச்சிரும் வே" என்று பிரம்மநாயகம் நீல நோட்டின் பக்கத்தை எல்லார் முன்னாலும் கிழித்தார். "நீரு வடாலாவுல ஜிப் பாத்துக்கிட்டு இருந்தீருன்னு சந்தே சொல்லுது. நாங்க இங்க தோத்துட்டோம். டேட்டா பொய் சொல்லாது."

"எவனோ நெருள்காரன் விசில் அடிச்சு நம்ம பயல ஏமாத்திட்டான் பாய்" என்றார் இசக்கிதுரை. "கமிட்டிக்குப் புகார் எழுதிப் போட்டாச்சு. அவன் மட்டும் கையில சிக்குனான்..."

"சிக்க மாட்டான்" என்றார் பாட்சா. சால்வை அவருக்கு மிகவும் கனமாக இருந்தது.

டீ கொண்டுவந்த நஸீரா தன் சாட்சியத்தையும் சேர்த்துக்கொண்டாள். "வடாலாவுலதான் இருந்தாங்க. புளி வாங்கக்கூட நேரமில்லாத வேலை."

அவர்கள் போனபின் பாட்சா வெளியே வந்தார். மாடிப்படியில் சைஃப் உட்கார்ந்திருந்தான்.

"மாமா."

"ம்."

"ஏன் நிறுத்துனேன்னு கோச் சார் கேட்டாரு. அம்பயர் விசில்னு நெனச்சேன்னு சொல்லிட்டேன்."

பாட்சா தொண்டையைச் செருமினார். "அப்படி நெனச்சிருக்கலாம்ல?"

"அம்பயர் விசிலுக்கு நான் என்னைக்கு மாமா நின்னுருக்கேன்?"

வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. பட்டறை விசிலுக்காக அரையிறுதியை விட்டவன் என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவனுக்கு. ஒற்றைக் காலில் நின்ற மற்ற ஐந்து பேருக்கும் அதே கவலைதான். அதனால் அந்த ரகசியம் பத்திரமாக இருந்தது.

விசில் அடிக்காமல் ஆட்டம் பார்க்கலாமே என்று தோன்றும். பாட்சாவுக்கும் தோன்றியது. ஒரு பயிற்சி ஆட்டத்தில் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு நின்று பார்த்தார். பத்தாவது நிமிஷத்தில் வெற்றிலை நடுவரின் வெள்ளைக் காலணியில் இருந்தது. ஆகவே, மாற வேண்டியது நாம் இல்லை, சந்துதான் என்ற முடிவுக்கு வந்தார். மறுநாள் காலையிலிருந்து காரணமே இல்லாமல் விசில் அடிக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் நாற்பது தடவை அடித்தார். நாற்பது தடவையும் பன்னிரண்டு மெஷின்களும் நின்றன. "சேட், க்யா ஹுவா?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறி, காரிகர்கள் ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஓட்டு" என்றார். முதல் வாரத்தில் பாதிப் பைகள்தான் முடிந்தன. குழாயடியில் ஒரு குடம் உடைந்தது. மெஷினை நிறுத்தச் சொல்ல இனிமேல் சிவப்பு பல்பு என்று எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டினார். விரல்கள் விஷயத்தில் அவர் விளையாடுகிறவர் இல்லை. மழைக்காலம் தொடங்கும்போது பாதிப் பேர் விசிலுக்கு நிற்பதை விட்டிருந்தார்கள். மழை முடியும்போது முழுப் பேரும். ஒருநாள் டெம்போக்காரர் பின்பக்கமாகவே வந்து பட்டறைப் படியை இடித்தார். பாட்சா மூச்சைப் பிடித்து அடித்த விசிலுக்கு அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷ அதிகாரம், படியின் ஓரத்தோடு சேர்ந்து உடைந்து விழுந்தது.

"இப்பல்லாம் நீங்க அடிச்சா காக்காகூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது" என்றாள் நஸீரா.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாட்சா. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை.

அக்டோபரில் புது சீசனின் முதல் ஆட்டம். நிரபராதி என்று தீர்ப்பான ரசிகருக்கு நடுக்கோட்டுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பாட்சா இரண்டு காலையும் மைதானத்தில் நன்றாக ஊன்றி உட்கார்ந்தார். சைஃப் கோலிலிருந்து அவரை ஒருமுறை பார்த்தான். பாட்சாவின் முதல் விசில் பறந்தது. ஒரு பையனும் நிற்கவில்லை. மொத்தம் பதினேழு விசில். பதினேழுக்கும் ஓடினார்கள், ஆடினார்கள், பந்தைத் தாங்களாகவே தவறவிட்டார்கள், தாங்களாகவே வழுக்கி விழுந்தார்கள். நான்குக்குச் சைபர் என்று தோற்றார்கள். யாருடைய உதவியும் இல்லாமல், முழுக்க முழுக்கச் சொந்த உழைப்பில்.

ஆட்டம் முடிந்ததும் பிரம்மநாயகம் மெதுவாக நாற்காலிப் பக்கம் வந்தார். கையில் புது நோட்டு, பச்சை அட்டை.

"பாட்சா, நீரு தப்பா நினைக்கப்படாது..."

"எழுதும் வே" என்றார் பாட்சா. முகத்தில் சந்தோஷம் ததும்பியது. "நல்லாப் பெருசா டிக் போடும். ஆனா அந்த மூணாவது கோல் ஆஃப்சைடு. அதையும் சேத்து எழுதிக்கிடும்."